சக்கரம் இல்லாமல் இறக்கிய கேப்டன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேப்டன் செண்பகராமனைப் பொய்யர் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்குமே என்று கவலைப்படுகிற மனிதர், அவ்வளவுதான். அந்தக் கவலை அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளி கரிசல் காட்டுக்கு நடுவே, பஸ்கூட நிற்காத ஓர் இடத்தில் இருக்கிறது. யாரோ எப்போதோ போட்டு மறந்துபோன ஓடுதளம். அதைக் குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் தாளாளர் பொன்னுலிங்கம் அய்யா. முதலில் பஸ் கம்பெனி வைத்திருந்தார், அப்புறம் கல்யாண மண்டபம், அப்புறம் இன்ஜினியரிங் காலேஜ். காலேஜில் பிள்ளைகள் சேராமல் போனதும் விமானத்துக்கு வந்துவிட்டார். அவருடைய பஸ்களில் ஹாரனும் பிரேக்கும் சேர்ந்தாற்போல் ஒரே வண்டியில் இருந்ததில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். ஹாஸ்டலில் மின்விசிறி போடக்கூட அவரிடம் காரணம் சொல்ல வேண்டும்.

ஆயுத பூஜை அன்று எங்கள் விமானங்களுக்கும் பூஜை உண்டு. பஸ் கம்பெனி வழக்கம் அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பஸ் என்றால் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டலாம். விமானத்துக்கு முன்னால் விசிறி சுற்றுமே, எங்கே கட்டுவது? கேப்டன் யோசித்தார். வலது சக்கரத்தின் காலில் ஒரு சின்னக் கன்றை வைத்து நாரால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் கட்டினதை அவிழ்க்க வேண்டும் என்பது முறை. பூசாரி வரவில்லை. எனக்கோ அன்று காலையில் பறக்கும் பாடம். "பூஜையில வச்சதை அவுக்கப்படாது. கன்னு பாட்டுக்குக் கூட வரட்டும்" என்றார் கேப்டன். கன்றை எடுக்கக்கூடாது, விமானத்தை மட்டும் எடுக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பயணத்தின்போது சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும் விமானம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். அதில்தான் போனோம். மேலே போனதும் சக்கரங்கள் மடங்கின. வலது சக்கரம் கன்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது. இறங்க வந்தபோது மற்ற இரண்டும் வெளியே வந்தன, அது வரவில்லை.

சக்கரம் இறங்கினால் எரிய வேண்டிய மூன்று பச்சை விளக்கில் ஒன்று எரியவில்லை. சக்கரத்தை இறக்கக் கையால் அடிக்கிற பம்பை நான் அடித்தேன். கேப்டன் குலதெய்வத்தைக் கூப்பிட்டார், அப்புறம் தன் மனைவியைக் கூப்பிட்டார். ஆனால் அவர் கை நடுங்கவில்லை. இரண்டு சக்கரத்தில் மெதுவாக இறக்கினார். வலது இறக்கை தரையில் உரசி, வண்டி அரைவட்டம் அடித்து, புல்லுக்குள் போய் நின்றது. எங்கள் இருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கியிருப்போம்.

அவருக்கு அது போதவில்லை. அன்று சாயங்காலமே அவர் கதையில் அந்த ஒரு சக்கரம் இரண்டாகிவிட்டது.

நான் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். நான் தனியாக விமானம் ஓட்டலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் அவர். அவர் சரி என்று சொல்லாதவரை நான் பைலட் ஆக முடியாது. ஆகவே அவர் எதைச் சொல்லி என் பக்கம் திரும்பினாலும் நான் "ஆமா சார்" என்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

இதற்கிடையில் எங்கள் தலைமைப் பயிற்சியாளர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அந்த நாற்காலி காலி. அடுத்த வாரம் ஒருநாள் மதியம் தாளாளர் வந்து அதில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யப் போகிறார் என்று செய்தி. அன்று கேப்டன் காலையிலேயே மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கேன்டீனுக்கு வந்துவிட்டார். கதை தாளாளர் காதுக்குப் போக வேண்டுமானால் கேன்டீனில் சொன்னால் போதும் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உளுந்து வடைக்காகக் காத்திருந்தோம். கேன்டீன் நடத்தும் ஞானம் அக்கா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"கேட்டுக்கிடுங்கப்பா. வாய்ப்பு ஒரு தடவைதான் வரும்" என்று ஆரம்பித்தார் கேப்டன். "இறங்க வாறேன். பச்சை விளக்கு ஒண்ணு எரியலை. பல்புதான் போயிருக்கும்னு லேசாத் தட்டுனேன். நம்ம தட்டுதான் தெரியுமே. மிச்ச ரெண்டும் அணைஞ்சு போச்சு. மூணு சக்கரமும் உள்ள."

"போன வாரம் ரெண்டு சக்கரம்னு சொன்னீங்க சார்" என்றாள் டெல்ஃபின். தூத்துக்குடிப் பெண். எங்கள் கூட்டத்தில் பயமில்லாமல் வாயைத் திறக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"போன வாரம் உன் மனசு தாங்காதுன்னு ஒண்ணைக் குறைச்சுச் சொன்னேன் தாயி. சரி, கைப்பம்பை ஒரே ஒரு அடி அடிச்சேன். கைப்பிடி கையோட வந்திருச்சு. இப்பவும் எங்க வீட்டுல அதை வச்சுத்தான் இஞ்சி தட்டுறா."

"உங்க வீட்டம்மா முந்தாநாள் எங்கிட்ட வந்து உரல் இரவல் வாங்கிட்டுப் போனாங்களே சார்" என்றார் ஞானம் அக்கா.

"கைப்பிடி இருக்கு. உரல் வேண்டாமாக்கா?" என்று கேட்டுவிட்டு, அக்கா பதில் யோசிப்பதற்குள் அவர் மேலே போய்விட்டார். "வேற வழியே இல்லை. இறங்கிப் பாத்திரலாம்னு முடிவு பண்ணேன். பெல்ட்டைக் கழட்டி, ஒரு முனையை, இந்தா இருக்கான்ல, இவன் காலுல கட்டுனேன். மறு முனையை என் இடுப்புல கட்டுனேன். கதவைத் திறந்து இறங்கிட்டேன்."

"எங்க சார் இறங்குனீங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஆகாசத்துலதான். வேற எங்க இறங்குறது? காத்துன்னா காத்து, அப்படியொரு காத்து. மீசை ரெண்டு பக்கமும் பறந்து, பின்னந்தலையில போய் ஒண்ணோட ஒண்ணு முடிச்சு விழுந்திருச்சு. அதை அவுக்க ராத்திரி எம்பொண்டாட்டி பட்ட பாடு அவளைக் கேட்டாத் தெரியும். தொங்கிக்கிட்டே சக்கரத்துக்கிட்ட போறேன். உள்ள எட்டிப் பாத்தா, நான் கட்டுன வாழைக்கன்னு இருக்கே, அது கன்னா இல்லை. நல்லா மரமாகி, குலை தள்ளி, பழுத்து நிக்கிது."

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து, டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

"ஒரே காலையிலயா சார்?" என்றாள் டெல்ஃபின்.

"தரையிலதான் தாயி மாசக்கணக்காகும். நாங்க மேகத்துக்குள்ள போய்ட்டுப் போய்ட்டு வந்தோம்ல? உள்ள போனாத் தண்ணி, வெளிய வந்தா வெயில். எந்தத் தோட்டத்துல அப்படிக் கிடைக்கும்? ரெண்டு பழம் பிச்சு நான் தின்னேன். ஒண்ணை இவனுக்குக் கொடுத்தேன். இந்தா உக்காந்திருக்கான், கேட்டுப் பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா. நல்ல இனிப்பு" என்றேன்.

"என்ன பழம்?" என்றாள் டெல்ஃபின்.

"நாட்டுப்பழம்" என்றேன் நான். "செவ்வாழை" என்றார் கேப்டன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கேப்டன் கொஞ்சமும் அசரவில்லை. "மேல் சீப்பு செவ்வாழை, கீழ் சீப்பு நாட்டுப்பழம். ரெண்டு மாவட்டத்துக்கு மேல பறந்தோமில்ல? அந்தந்த ஊரு மேகத்துக்குத் தக்கன காய்ச்சிருக்கு" என்றார்.

"சரி, மரத்தைப் பிடுங்கிப் போட்டிருந்தா சக்கரம் இறங்கியிருக்குமே சார்?" அவள் விடவில்லை.

"குலை தள்ளுன மரத்தையா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா தாயி?" கேப்டன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என் உசுரு போனாலும் போகுது, அதுல கை வைக்க மாட்டேன்னு மேல ஏறி வந்து உக்காந்துட்டேன். சக்கரம் இல்லாமலே இறங்கிக்கிடலாம். ஆனா பாருங்க, அதுக்குள்ள பெட்ரோல் தீந்து போச்சு. எஞ்சின் நின்னு போச்சு. மூணு மணி நேரம் சும்மாவே மிதந்தோம்."

"மூணு மணி நேரமா?"

"கரிசல் காட்டு வெக்கை தெரியாதா உனக்கு? கீழேருந்து அப்படியே தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பருந்தெல்லாம் பக்கத்துல வந்து, யாருடா இது நம்மளுக்குப் போட்டியான்னு பாத்துட்டுப் போகுது. அப்படியே மிதந்து சாத்தூர்ப் பக்கம் போனோம். அங்க களத்துல மிளகாய் வத்தல் காயப் போட்டிருக்காங்க. அந்த நெடி மேல ஏறுச்சு பாருங்க. எனக்குத் தும்மல், இவனுக்குத் தும்மல். அடுத்து எஞ்சினுக்கும் தும்மல் வந்திருச்சு. ஒரே தும்மல்தான், விசிறி சுத்த ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப நம்ம பிளேனுக்கு இனி வத்தலை அரைச்சு ஊத்திரலாம்னு சொல்லுங்க" என்றார் ஞானம் அக்கா.

"முயற்சி பண்ணலாம்கா. குண்டூர் வத்தல் மட்டும் வேண்டாம், வேகம் தாங்காது." கேப்டன் ஒரு வடையை எடுத்துப் பாதியைக் கடித்தார். "இப்பத்தான் கதையே. கீழ நாலுவழிச் சாலையில ஒரு லாரி போகுது. மேல வரைக்கும் பஞ்சுப் பொதி. இதைவிட மெத்தை எங்க கிடைக்கும்? அவன் வேகத்துக்கு என் வேகத்தைச் சரிக்கட்டி, பூ மாதிரி மேல வச்சேன். டிரைவருக்குத் தெரியவே தெரியாது. பாட்டுப் போட்டுக்கிட்டுப் போறான். நேரா டோல்கேட்."

டோல்கேட் என்றதும் டெல்ஃபினே கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நம்பாவிட்டாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த மனிதரிடம் இருந்த கோளாறே அதுதான்.

"டோல்கேட்டுக்காரன் வெளிய வந்து அண்ணாந்து பாக்குறான். 'சார், இது லாரியா பிளேனா?'ங்கிறான். 'கீழ லாரி, மேல பிளேன்'னேன். 'அப்ப ரெண்டு வண்டிக்கும் கட்டணும்'னு சொல்லிட்டான். நான் விடுவேனா? 'தம்பி, சக்கரம் வச்சு ரோட்டுல உருளுற வண்டிக்குத்தானே நீ காசு வாங்குற? என் வண்டியில சக்கரம் எங்க இருக்கு, காட்டு'ன்னேன். அவன் சுத்திச் சுத்திப் பாத்தான். மேலதிகாரி வந்து பாத்தாரு. ஒருத்தன் ஏணி போட்டு ஏறிப் பாத்தான். சக்கரம் இருந்தாத்தானே? சல்யூட் அடிச்சுக் கதவைத் திறந்து விட்டுட்டாங்க."

பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். ஞானம் அக்காவின் வடை ஒன்று கருகியது. நானும் சிரித்துவிட்டேன். உடனே, நான் கூட இருந்தவன் ஆயிற்றே, இப்போதுதான் முதல்முறை கேட்கிறவன் மாதிரி சிரிக்கக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

"லாரி மேல இருந்தபடியே மறுபடியும் கிளம்புனோம். ஊருக்கு வந்தோம். ஓடுதளத்துல நம்ம பிள்ளைக பூஜைக்குக் கோலம் போட்டு வச்சிருக்கு. மாக்கோலம். அதுக்கு மேல வயித்தை வச்சு இறக்குனேன். வழுக்கிட்டுப் போய் நின்னுச்சு. இறங்கி வந்து பாக்குறேன், கோலத்துல ஒரு புள்ளி கலையலை."

"அப்ப ஓடுதளத்துல நீளமா ஒரு கீறல் இருக்கே சார்? இறக்கை உரசுன கீறல்?" என்றாள் டெல்ஃபின்.

"அது முன்னாடியே இருந்துச்சு தாயி. அதைப் பாத்துத்தான் நேரா இறக்குனேன்."

"பலே" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

மதியம் வர வேண்டிய தாளாளர் முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் போன். நாங்கள் எல்லோரும் சட்டென்று எழுந்தோம்.

"உக்காருங்க, உக்காருங்க. டோல்கேட்டுலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன்" என்றபடி உள்ளே வந்து கேப்டனுக்கு எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "ஏன் கேப்டன், சக்கரம் இல்லாம எறக்குனது நெசந்தானா?"

கேப்டனுக்கு அந்தக் காலி நாற்காலி கண்ணில் தெரிந்திருக்க வேண்டும். மார்பை நிமிர்த்திக்கொண்டார். "அய்யா, சக்கரம்ங்கிறது கத்துக்குட்டிகளுக்கு. நமக்கு அது ஒரு அலங்காரம்யா."

"பெட்ரோலும் தீந்து போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"அதுவும் ஒரு பழக்கம்தான்யா. காபி குடிக்கிற மாதிரி. விடணும்னு நினைச்சா விட்டுரலாம்."

தாளாளர் தலையை ஆட்டிவிட்டு போனை எடுத்தார். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி மேனேஜரிடம் பேசினார். "அந்தப் பிளேனுக்கு வெளிநாட்டுலேருந்து சக்கரக் கால் வரவழைக்கணும்னு எழுதியிருந்தீங்கள்ல? வேண்டாம், நிறுத்திருங்க. அதுக்குப் பெட்ரோலும் ஊத்த வேண்டாம். காரணமா? நம்ம கேப்டன் பாத்துக்கிடுவாரு."

கேப்டனின் மீசை ஒரு பக்கம் இறங்கியதை நான் பார்த்தேன்.

"தலைமைப் பயிற்சியாளர் வேலை உங்களுக்குத்தான்" என்றார் தாளாளர். "ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைச் சேர்க்கப் பெத்தவங்க வாராங்க. அவங்க முன்னாடி ஒரே ஒரு தடவை இதைச் செஞ்சு காட்டிருங்க. சக்கரம் இல்லாம எறக்கச் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் வேற எவன்கிட்ட இருக்கு?" அப்புறம் டெல்ஃபின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ இதை நம்புறியா?"

"இல்லைங்கய்யா."

"சரி, அப்ப நீ சக்கரம் உள்ள பிளேன்லயே படி. வேற யாரு நம்பலை?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எல்லாக் கையும் மேலே போய்விட்டது. விமானத்தில் ஏறியே அறியாத ஞானம் அக்காகூடக் கரண்டியைத் தூக்கினார். கை தூக்காமல் இருந்தது நான் ஒருவன்தான்.

"இந்தத் தம்பிதானே அன்னிக்குக் கூட இருந்தது? ரொம்ப நல்லது. ஞாயித்துக்கிழமையும் நீயே கூட ஏறிக்கோ."

ஷெட்டில் அந்த விமானம் வலது பக்கம் செங்கல் முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. தனியாகப் பறக்கும் ஆசை எங்கே போனது என்று தெரியவில்லை. தரையில் நடந்தால் போதும் என்றிருந்தது.

"அய்யா" என்றேன். "நான் அன்னிக்கு லீவு."

கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொன்றுவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் முகம் மெல்லத் தெளிந்தது. தண்ணீரில் தத்தளித்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது.

"ஆமாங்கய்யா, இவன் லீவுதான்" என்றார். "சொல்லப்போனா அன்னிக்கு நானும் லீவு."

"நீங்களுமா? அப்ப பிளேனைக் கொண்டாந்து எறக்குனது யாரு?"

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. எனக்கு அவர்மேல் அப்போது பாவமாகவே இருந்தது. கண்ணில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அதைத்தான்யா சொல்ல வந்தேன். யாருமே இல்லை! காலையில வெளிய நிறுத்தியிருந்த பிளேன். பாடத்துக்கு நேரமாச்சு, ஆளைக் காணோமேன்னு பாத்திருக்கு. தானாக் கிளம்பி, தானா மேல போயி, நான் சொன்னபடி ரெண்டு வட்டம் அடிச்சு, தானாவே வந்து எறங்கிருச்சு. நான் கொடுத்த பயிற்சி அப்படிய்யா!"

தாளாளர் மறுபடியும் போனை எடுத்தார்.

"மேனேஜர், சக்கரத்தை வரவழைச்சிருங்க. கேப்டனை நிறுத்திருங்க."